அணைந்துகொண்டேயிருந்த பொயிலர்கள்

வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் திருத்த வருபவனை யாரும் சிரித்த முகத்துடன் வரவேற்பதில்லை. குளிரில் விறைத்த முகத்துக்குச் சிரிப்பு வராது. பற்றவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அணைகிற காஸ் பொயிலருடன் மாரடித்த அன்பர்களே, உங்களில் ஒருவன்தான் நான். எனக்கு வேலை டென்மார்க்கின் விபோர்க் நகரில். குடும்பத்தைக் கூப்பிட அகதிகளான நாங்கள் போட்ட மனுக்களை அரசாங்க மேலிடம் அசையவிடாமல் வைத்திருந்த காலம் அது. மனைவி வசந்தியும் மகளும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள். நானோ இங்கே ஊரார் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

கம்பளிக் காலுறை

கிர்ஸ்டன் என்ற வயதான அம்மா தனியாக இருந்தார். அவர் வீட்டுப் பொயிலரின் பர்னர் ஒழுங்காக எரிவதாயில்லை. குழாயைப் பார்த்தேன், காஸ் வரத்தைப் பார்த்தேன், பிழையில்லை. கடைசியில் பார்த்தால், காற்று வருவதற்காகச் சுவரில் விட்ட துவாரத்துக்குள் ஒரு கம்பளிக் காலுறை. குளிர் வருகிறதென்று அவரே திணித்தது. காற்றில்லாமல் நெருப்பு எப்படி எரியும்?

அதை இழுத்தெடுத்ததும் சுடர் நீலமாக நின்றது. கோப்பி ஊற்றித் தந்து, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். மனுப்போட்டு வருஷம் தாண்டியும் பதில் இல்லை என்றேன். என்னிடம் அதைக் கேட்ட முதல் டெனிஷ்காரர் அவர்தான். அவர் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நான் விளங்காமல் அடைச்சன். மேலிடத்தில இருக்கிறவை படிச்ச ஆக்கள், அவையள் ஏன் வழியை அடைச்சு வைச்சிருக்கினம்?”

மீன் பொரியல்

நம்முடைய பெடியன்கள் நாலு பேர் ஒரு வீட்டில். மீன் பொரித்துச் சமைக்கும்போதெல்லாம் பொயிலர் அணைந்தது. கறி மணத்துக்கு அயலவர் ஏதும் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, அடுப்புக்கு மேலிருந்த புகைவிசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தார்கள். விசிறி அறைக் காற்றை உறிஞ்ச, புகைபோக்கிக் காற்று திரும்பிப் பாய்ந்து சுடரை அணைத்தது.

“யன்னலைத் திறவுங்கோடா” என்றேன். “அயலவரிட்ட நீங்களே கேளுங்கோ அண்ணை” என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நானும் போய்ப் பணிவாக விளங்கப்படுத்தினேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தாராளமாத் திறக்கட்டும். யன்னலைச் சாத்தினாலும் விசிறி மணத்தை என்ர வீட்டுக்குத்தான் தள்ளுது. அது என்ன கறியெண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ.”

என் வீடு

ஒருவழியாக அனுமதி வந்தது. வசந்தியும் மகளும் வந்திறங்கும் நாள் பார்த்து, என் வீட்டுப் பொயிலரே அணையத் தொடங்கியது. வெளியே பனி. சுடரின் சூட்டை உணர்ந்து காஸைத் திறந்துவைக்கிற கம்பி பழுது. உதிரிப்பாகக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். என் முதலாளி யென்ஸைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். “நீர் விமான நிலையத்துக்குப் போம். நான் நிக்கிறன்.”

சனி காலை புறப்பட்டவன், இடையிலுள்ள கடலைக் கப்பலில் கடந்து கொப்பன்ஹேகன் போய், இருவரையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு மத்தியானம்தான் திரும்பினேன். என்னைக் கண்டு வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் நின்ற மகள், உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினாள், பிறகு சுவெட்டரையும் கழற்றினாள். வசந்தி என்னைப் பார்த்தாள். பொயிலருக்கு முன்னால் சிவந்த கண்களுடன் யென்ஸ் இருந்தார். எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டேன். “திருத்தேல்லை. அணைய அணையப் பத்தவைச்சன், அவ்வளவுதான்.”

இத்தனை வருஷம் பொயிலர் திருத்தியவன் சொல்கிறேன்: நான் கண்ட வீடுகளிலேயே நல்ல சூடான வீடு, பொயிலர் பழுதாய்க் கிடந்த அந்த வீடுதான்.