மாப்பிள்ளையின் ஒற்றைக் குச்சிப் பெட்டி

என் தங்கை வீட்டுக்காரர் இதுவரை செய்த பொருள்களில் முக்கால்வாசி யாருக்கும் பயன்பட்டதில்லை. தானாக மூடிக்கொள்ளும் கதவு ஒன்று செய்தார். அது மூடிக்கொண்டது, பிறகு திறக்கவில்லை. அவரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்தோம். கயிற்றை இழுத்தால் மேலே சுருட்டிக்கொள்ளும் கொசுவலை ஒன்று செய்தார். அது என் தங்கையையும் சேர்த்துச் சுருட்டப் பார்த்தது. அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி எழுத ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால், மீதிக் கால்வாசியில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது.

எழுதுகிறவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. தீப்பெட்டிப் பட்டறையில் தரை பெருக்கத்தான் நுழைந்தேன். இன்று அதே தெருவில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை என்னுடையது. பதினேழு பேர் வேலை செய்கிறார்கள். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. நடுவில் பன்னிரண்டு வருஷம் குச்சி அடைக்கும் பகுதியில் இருந்தேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே என் வேகத்துக்கு ஆள் கிடையாது. ஒரு பிடி எடுத்தால் ஐம்பது குச்சி. மேலாளர் நம்பாமல் மூன்று முறை எண்ணிப் பார்த்தார். நான்காம் முறை அவரே வெட்கப்பட்டு விட்டுவிட்டார். மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கம், வகிடு எடுத்துச் சீவியது போல இருக்கும்.

மாப்பிள்ளைக்கு அதே பட்டறையில் ஃபிட்டர் வேலை. அறுபத்து நான்கு வயதாகியும் நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒருநிமிஷம்'. மெஷின் நின்றுவிட்டது என்று யாராவது போய்ச் சொன்னால், "ஒரு நிமிஷம்" என்று உள்ளே தலையை விடுவார். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருக்கும், தலை வெளியே வந்திருக்காது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்த பிறகு கையில் இரண்டு மூன்று திருகாணி மிச்சம் இருக்கும். மெஷின் என்னவோ முன்னைவிட நன்றாக ஓடும். முதல் முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுகூட சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சியப் பாக்க வந்தீங்களா, கடிகாரத்தப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தங்கச்சிய வாசல்லயே பாத்துட்டேன். அதுல ஒரு கோளாறும் இல்ல. இதுதான் அஞ்சு நிமிஷம் பின்னால ஓடுது" என்றார்.

உள்ளே இருந்து என் தங்கை சிரித்த சத்தம் கேட்டது. அதோடு அவள் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

போன வருஷம் அவளுக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. நடக்கிறாள், பேசுகிறாள். பேச்சு கொஞ்சம் குறைந்திருந்தால் மாப்பிள்ளைக்கு ஓய்வு கிடைத்திருக்கும், அது குறையவில்லை. இடது கை மட்டும் அவள் சொன்னதைக் கேட்பதில்லை. "இத்தன வருஷமா நீங்க கேக்கல, இப்ப இதுவும் கேக்கல" என்று புருஷனிடம் சொல்வாள்.

அவர் காலையில் பட்டறைக்குப் போனால் மதியம்தான் வருவார். அதுவரை அவள் தனியாள். ஒற்றைக் கையால் காய் நறுக்கப் பழகினாள். பாத்திரம் தேய்க்கப் பழகினாள். மண்ணெண்ணெய்த் திரி அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும் முடியவில்லை. தீப்பெட்டி இரண்டு கை கேட்கிற சாமான். ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை தள்ள வேண்டும். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். உள்பெட்டி பறந்து போய் விழுந்து தரையெல்லாம் குச்சி. பொறுக்கக் குனிந்தவள் கீழே விழுந்து, நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். லைட்டர் வாங்கிக் கொடுத்தேன், அது கட்டைவிரலைச் சுட்டது. மின்சார அடுப்பு வாங்கினோம், அவளுக்குப் பசிக்கிற நேரமாகப் பார்த்து மின்சாரம் போனது.

வீக்கத்தின் செய்தி அவர்கள் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாசமான பெண்தான், ஆனால் அந்தப் பாசத்தையும் வேளைக்கு ஒன்றாக விழுங்கச் சொல்வாள். வந்து நின்று அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"ஒரு அடுப்பப் பத்த வைக்க ஆள் வேணும்னா இங்க எதுக்கு தனியா இருக்கீங்க? வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடுங்க" என்றாள்.

"உன் வீட்ல எனக்கு நாற்காலி இருக்கு, சமையல்கட்டு இல்லையே" என்றாள் என் தங்கை.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு தவணை கிடைத்தது. ஆறு வாரம். அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள். அவள் கண்ணெதிரே அம்மா யார் உதவியும் இல்லாமல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கே சாமான் கட்ட வேண்டும்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை தீப்பெட்டிக்குள் தலையை விட்டார். சுவரில் மாட்டிய பெட்டி, ஒரு தள்ளு தள்ளினால் ஒரே ஒரு குச்சி வர வேண்டும், இதுதான் திட்டம். முதலில் தகரத்தில் செய்தார். தள்ளினால் ஒன்றும் வராது. ஓங்கித் தட்டினால் நாற்பது வரும். அடுத்ததற்கு ஸ்பிரிங் வைத்தார். குச்சி ஒன்றுதான் வந்தது, ஆனால் வந்த வேகத்தில் சமையல்கட்டைக் கடந்து என் காபி டம்ளரில் விழுந்தது.

"ஒண்ணுதான வந்துச்சு, மச்சான்?" என்றார் பெருமையாக.

"ஒண்ணுதான். அடுப்ப என் மடியில வச்சா சரியாயிடும்" என்றேன்.

மூன்றாவதில் அவருக்குப் புத்தி கொஞ்சம் கூடிப்போனது. வாயிலேயே உரசு பட்டையை ஒட்டிவிட்டால் குச்சி எரிந்துகொண்டே வெளியே வருமே என்று யோசித்தார். எரிந்துகொண்டேதான் வந்தது. உள்ளே இருந்தவற்றுக்கும் சொல்லிவிட்டு வந்தது. பெட்டி முழுக்கப் புஸ்ஸென்று பிடித்து, மாப்பிள்ளையின் வலது புருவம் பாதி போயிற்று. என் தங்கை ஒரு செம்புத் தண்ணீரைப் பெட்டியில் பாதியும் அவர் மேல் பாதியும் ஊற்றினாள். "இப்பத்தான் ரெண்டு பேரும் சமமா இருக்கோம், எனக்கு ஒரு கை, உங்களுக்கு ஒரு புருவம்" என்றாள்.

நான்காவது மரத்தில் செய்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அட்டையும் பெட்டியுமாக நாற்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன். மேலே திறந்த கூடு, அடியில் இரண்டு பக்கமும் சரிந்து குறுகும். குறுகிய இடத்தில் ஒரு வழுக்குக் கட்டை. அதன் முதுகில் ஒரு குச்சி மட்டும் படுக்கிற அளவுக்குப் பள்ளம், தலை படுவதற்காகப் பள்ளத்தின் இரண்டு முனையிலும் கொஞ்சம் அகலம். கட்டையைத் தள்ளினால் பள்ளத்தில் படுத்த குச்சியைச் சுமந்துகொண்டு வெளியே வரும், விட்டால் ரப்பர் வளையம் உள்ளே இழுத்துக்கொள்ளும். உரசு பட்டை ஒரு முழம் தள்ளித் தனியாகச் சுவரில். என் தங்கை நான்கு நாள் பழகினாள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் அந்த நாலு நாளும் என் பட்டறையில் ஒரு பெரிய ஆர்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதைப் போனில் என்னிடம் சொன்னதாக மாப்பிள்ளை இன்றும் சாதிக்கிறார். அந்த போனில் நான் ஆர்டரைப் பற்றிப் பேசியதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார், மகளை வரவேற்கத் தங்கை வாசலுக்குப் போயிருந்தாள். சமையல்கட்டில் நானும் பெட்டியும்தான். கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஒரு குச்சி இந்தப் பக்கம் தலை, ஒரு குச்சி அந்தப் பக்கம் தலை, தூங்கி எழுந்தவன் முடி மாதிரி கிடந்தது. இதைப் போய் அந்தப் பெண் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று எல்லாவற்றையும் வெளியே அள்ளினேன். தட்டி, சேர்த்து, ஒரே பிடி. தலையெல்லாம் ஒரு பக்கம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வந்தாள். பையை இறக்கினாள். பைக்குள் காலியாக இன்னொரு பெரிய பை மடித்து வைத்திருந்ததை என் தங்கை பார்த்துவிட்டாள். நேராக அடுப்புக்குப் போனாள். திரியை ஏற்றினாள். கட்டையைத் தள்ளினாள்.

கட்டை பாதி வழியில் நின்றது. இன்னும் அழுத்தினாள். உள்ளே கடக் என்று ஏதோ ஒடிந்தது. விட்டுவிட்டு மறுபடி தள்ளினாள். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் தள்ளினாள். முன்வரிசையில் நின்று எல்லாருக்கும் தைரியம் சொல்கிறவள், அப்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நேத்துகூட வந்துச்சும்மா" என்றார் மாப்பிள்ளை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து வந்தது இன்னிக்கு வரலன்னா நாளைக்கு அம்மா என்னப்பா பண்ணுவாங்க? போதும். நான் துணிய எடுத்து வைக்கிறேன்" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மடித்த பையை விரித்தாள்.

மாப்பிள்ளை கூட்டின் உள்ளே பார்த்தார். ஒரு குச்சியை விரலால் புரட்டினார். "யாரு இதுல கை வச்சது?" என்றார் மெதுவாக. "எல்லாத் தலையும் ஒரே பக்கம் இருக்கு. தலை தடி, வால் ஒல்லி. ஒரே பக்கம் அடுக்கினா தலைப்பக்கம் மேடாயிடும், வால்பக்கம் சரிஞ்சு பள்ளத்துல ரெண்டு ரெண்டா விழும். மாத்தி மாத்தித்தான போடணும்? அதுக்குத்தான அஞ்சு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்."

என் தங்கை புருஷனைப் பார்த்தாள், தான்தான் மறதியில் செய்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. மகள் இரண்டு புடவையை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

நான் யாரிடமும் தப்பு ஒத்துக்கொண்டு பழக்கப்பட்டவன் இல்லை. என் பட்டறையில் தப்பு நடந்தால் அது மற்றவர்கள் செய்ததாகத்தான் இருக்கும். அதிலும் அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து என் ஐம்பது குச்சிக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். மூன்றாவது புடவை அலமாரியிலிருந்து இறங்கியபோது எழுந்தேன்.

"அத வை கீழ. நான்தான் அடுக்கினேன்."

"நீங்களா மாமா?"

"கண்டபடி கெடந்துச்சு. சரியா அடுக்கினேன்."

"சரியா அடுக்கினார்" என்றாள் என் தங்கை, உத்தரத்தைப் பார்த்து. அவளுக்கு மூச்சு திரும்பிவிட்டது. "அண்ணே, என்னை இந்த வீட்ட விட்டு கெளப்ப அந்த வாதத்தாலயே முடியல."

செய்தவனே சரிசெய்கிறேன் என்று பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கவிழ்த்தேன். உட்கார்ந்து ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடுக்கினேன். பத்துக் குச்சி போட்ட பிறகு பார்த்தால் பத்துத் தலையும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கின்றன. கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினேன். மறுபடியும் அப்படியே. மனசு சொல்கிறது, பன்னிரண்டு வருஷம் பழகிய விரல் கேட்க மாட்டேன் என்கிறது.

"எழுந்திரிங்க அண்ணே, உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கு, அதான் கஷ்டம்" என்று என் தங்கை என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். பள்ளத்தில் சிக்கியிருந்த ஒடிந்த துண்டை முதலில் கொண்டையூசியால் எடுத்தாள், அதுவும் ஒரே கையால். பிறகு ஒவ்வொரு குச்சியாக எடுத்தாள். ஒன்று நேர், ஒன்று தலைகீழ். அவசரமே இல்லை. மகள் பையை மறந்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது குச்சி போட்டு முடித்தாள். எழுந்து பெட்டியைச் சுவரில் மாட்டிக் கட்டையைத் தள்ளினாள்.

ஒரு குச்சி வந்தது. எடுத்தாள், பட்டையில் இழுத்தாள், திரியில் வைத்தாள். நீலமாக வளையம் போட்டுப் பிடித்துக்கொண்டது.

"அணைங்கம்மா. இன்னொரு தடவ" என்றாள் மகள்.

அணைத்தாள். இன்னொரு தடவை. அப்புறம் இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியில் நாடி பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மகள் ஆறு தடவை பார்த்தாள். ஏழாவது தடவை என் தங்கை, "எண்ணெய நீயா வாங்கிப் போடப்போற?" என்று கேட்டுவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

மகள் பைக்குள்ளிருந்த புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். மூன்று நிபந்தனை போட்டாள். காலையில் ஒரு போன். நெற்றியில் இனி வீக்கம் கூடாது. மூன்றாவதைப் பேனாவால் பெரிதாக ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே ஒரே பார்வையில் புரிந்தது: மாமா தொடக்கூடாது. அட்டை என் பட்டறை அட்டைதான், நல்ல அட்டை, இன்னும் பத்து வருஷத்துக்குக் கிழியாது.