திராட்சரசத்தில் மிதந்த கை

எங்கள் சபையின் திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சிக் கொடுப்பது இப்போது என் வேலை. எனக்கு முன்பு அம்மா செய்தார். எனக்கும் முழங்கால் வலி வந்த பிறகு அடுப்பு முன்னால் நிற்பது பெரும்பாடாக இருக்கிறது. என்றாலும் வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை. பழம் வெந்து தோல் வெடித்து, தண்ணீர் கருஞ்சிவப்பாகிற நேரத்தில் எனக்கு ஜெபம்தான் வரவேண்டும். பல சமயம் வருவதில்லை. விரலில்லாத ஒரு கைதான் மிதந்து வருகிறது. கர்த்தர் மன்னிப்பார்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழலும்வரை புரட்டிவிட்டு, பிறகு கையாலேயே இழுத்து மேலே போடவேண்டும். மாட்டுத் தோல், மனுஷத் தோல் என்று சுண்ணாம்பு பேதம் பார்க்காது. நைனாவின் விரல் நுனிகளில் ஊசியால் குத்தினதுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். உள்ளங்கை வெந்து வெளுத்துப் பிளந்திருக்கும்.

அதனால் அவரால் சோறு பிசைய முடியாது. குழம்பு பட்டால் எரியும். அம்மாதான் உருண்டை பிடித்து அவர் வாயில் வைப்பார். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். நான் எத்தனை அடம்பிடித்தாலும் "பெரிய கழுதை ஆய்ட்டே, நீயே துன்னு" என்பவர், இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊட்டுகிறாரே! நைனாவுக்கு வீட்டில் செல்லம் ஜாஸ்தி என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் அவரைப்பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அவர் பெரிய பாவி. திருவிருந்து நாளில் எல்லாரும் எழுந்து முன்னே போய் முழங்கால்போட்டு, இரண்டு கையையும் ஏந்தி அப்பம் வாங்குவார்கள். நைனா மட்டும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து, கைகளைக் கக்கத்தில் ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவத்தை வைத்துக்கொண்டு அப்பம் வாங்கக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். என்ன பாவம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பீடியைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்காகத் தினமும் ஜெபம் செய்வேன்.

புண் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கம்பவுண்டர், "ஒரு மாசம் கையில சுண்ணாம்பு படக்கூடாது. இல்லாட்டி ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கினு வேலை செய்யி. இப்டியே போனா வெரலு மடங்காது" என்று சொல்லி அனுப்பினார். வேலைக்குப் போகாமலிருந்தால் அந்த இடத்தில் மறுநாளே வேறு ஆள் நிற்பான். நைனா மேஸ்திரியிடம் கையுறை கேட்டார்.

"இன்னாய்யா, கல்யாண மாப்ளையா நீ? கைக்கு மெத்தை கேக்குற?" என்றாராம் மேஸ்திரி. கூட நின்றவர்களும் சிரித்தார்களாம். நைனா பிறகு கேட்கவில்லை.

அந்த வருஷம் டேனரிக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். புது விதமாகத் தோல் பதனிடச் சொல்லிக் கொடுப்பவர். மனைவி, பிள்ளைகளோடு கம்பெனி பங்களாவில் தங்கியிருந்தார். அந்த அம்மாளை எல்லாரும் துரைசானியம்மா என்போம். கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. அவர்கள் ஊரில் ஐப்பசி வாக்கில் ஒரு பண்டிகை உண்டாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு கொண்டாடுவார்களாம். அது இல்லை என்று அவருடைய பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். சரி, இங்கேயே வைத்துவிடுவோம் என்று முடிவாயிற்று. முதலாளி பாய் குடும்பத்தோடு வருகிறார், அதனால் குடிக்கக் கொடுப்பதில் சாராய வாசம்கூட இருக்கக்கூடாது, ஆனால் பார்த்தால் பண்டிகைப் பானமாகத் தெரியவேண்டும். யார் செய்வார்கள் என்று கேட்டபோது பாஸ்டரம்மா எங்கள் அம்மாவைக் கைகாட்டிவிட்டார்.

"பேய்க்குப் பண்டிகையா? அதுக்கு நான் ரசம் காச்சறதா?" என்று அம்மா வீட்டில் வந்து புலம்பினார்.

நைனா சுவரில் சாய்ந்தபடி, "மனுசனுக்கே இங்க பண்டிகை கொண்டாட நேரமில்ல. பேயாவது கொண்டாடட்டும், போய்ட்டு வாமே" என்றார்.

தீபாவளி லீவு என்பதால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பங்களா சமையலறையில் துரைசானியம்மா ஒரு பத்திரிகையை விரித்து ஒரு படம் காட்டினார். பெரிய கண்ணாடிக் குண்டானில் ரத்தம்போல் ஒரு பானம். நடுவில் ஐஸினால் செய்த ஒரு கை மிதக்கிறது. அம்மா "ஏசுவே" என்று பின்னால் நகர்ந்தார். எனக்கோ உடனே அது வேண்டும்போல் இருந்தது.

ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றிக் கட்டி உறையவைக்க வேண்டும். துரைசானியம்மா ஒரு சீட்டில் ஏதோ கிறுக்கி டிரைவரிடம் கொடுத்தார். அம்மா திராட்சையைக் காம்பு நீக்கி முடிப்பதற்குள் டேனரி கோடவுனிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கையுறை ஜீப்பில் வந்து இறங்கிவிட்டது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தார். உள்ளே கையை விட்டு, விரல்களை மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"தண்ணி ஊத்து. கட்டு. ஐஸ் பெட்டி. அப்புறம் வெட்டு" என்று துரைசானியம்மா விரல்களாலேயே கத்தரி காட்டினார்.

"வெட்டணுங்களாம்மா?"

"ஆமா. வெட்டு. அப்போ கை முழுசு வரும்."

"வெட்டின பொறவு இந்த ரப்பரு?"

"குப்பை."

"குப்பைய நான் எடுத்துக்கினு போலாங்களா?"

அம்மா சுத்தத்துக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, துரைசானியம்மா சந்தோஷமாகச் சிரித்தார். "எடு, எடு. எல்லா குப்பையும் எடு."

அன்று சாயங்காலம் நைனாவுக்கு ஊட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "கேட்டுட்டேங்க. குப்பைன்னா எடுத்துக்கலாமாம். திருட்டு இல்ல."

"வெட்டிப்புட்டு எடுத்தாந்து இன்னாமே பண்ணுவே? பாவாடை தைக்கப் போறியா?"

"நான் எங்க வெட்டப் போறேன்?" என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. ஐஸ் பெட்டியிலிருந்து கை வெளியே வரும்போது எவ்வளவு அழகாக இருக்கும்! அம்மா அதை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, வாய்ப்பக்கமிருந்து கையுறையைச் சுருட்டிச் சுருட்டி உரிப்பார். உள்ளங்கை வந்துவிடும். விரல்கள் வராது. இழுத்தால் டப்பென்று ஒடியும். ஒடிந்த விரலைக் கையுறைக்குள்ளிருந்து உதறி எடுத்துத் தொட்டியில் போடுவார். ஒரு கைக்குக் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஒரு கை வெறும் கட்டியாக வந்தது.

"அம்மா, வெட்டிடும்மா. முழுசா வரும்மா!"

"நீ சும்மா கெட."

"துரைசானியம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும்."

அம்மாவின் கை குளிரில் சிவந்து விறைத்திருந்தது. நடுவில் நிறுத்தி, கைகளை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டு மறுபடி உரிப்பார். அம்மாவுக்கு வேலை தெரியவில்லை, நம் மானம் போகப்போகிறது என்று எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காதபோது ஒடிந்த விரல்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டவைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

ஒருமுறை நாங்கள் உரித்துக்கொண்டிருக்கும்போதே துரைசானியம்மா உள்ளே வந்துவிட்டார். "நோ, நோ" என்று கத்தரியை எடுத்து, மணிக்கட்டிலிருந்து விரல்வரை நறுக்கென்று ஒரே வெட்டு. வாழைப்பழத் தோல்போல ரப்பர் விலகியது. அஞ்சு விரலோடும் பளபளவென்று ஒரு முழுக் கை! நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை. முகம் செத்துப்போயிருந்தது. நல்லவேளை, வாசலில் பிள்ளை அழும் சத்தம் கேட்டு துரைசானியம்மா போய்விட்டார். அம்மா வெட்டுப்பட்ட கையுறையைக் கழுவி, மடித்து, மற்றதோடு வைத்தார். பிறகு அடுத்ததை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

விருந்தன்று காலையில் ரசம் காய்ச்சினார். சபைக்குக் காய்ச்சும் பாத்திரத்தைக் கொண்டுவரவில்லை. பங்களாப் பாத்திரத்தில்தான். சபைக்கென்றால் முக்காடிட்டுக்கொண்டு, பேசாமல், ஜெபித்தபடி காய்ச்சுவார். இங்கே முக்காடு இல்லை. சாமி காரியமும் இதுவும் ஒன்றாகிவிடக்கூடாது என்று இஞ்சிச் சாறு, எலுமிச்சை, நன்னாரி எல்லாம் சேர்த்தார். ஆனாலும் பழம் வெடிக்கும்போது அவர் உதடு அசைந்தது. இன்னொரு குண்டானில் புதினா அரைத்துக் கலந்த எலுமிச்சைத் தண்ணீரில் சப்ஜா விதையை ஊறப்போட்டார். "தவளை முட்டை! தவளை முட்டை!" என்று துரைசானியம்மாவின் பிள்ளைகள் குதித்தன.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். புதுவீட்டில் கட்டும் திருஷ்டி பொம்மைபோல் பல் செதுக்கிய மஞ்சள் பூசணிகள் வாசலில் இருந்தன. பிள்ளைகள் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். கோலி சோடாக்களை உடைத்து ரசத்தில் ஊற்றி, அம்மா கைகளை மிதக்கவிட்டார். முழுக்கையை மேலாக வைத்தும் விரல் ஒடிந்தவற்றை மறைக்க முடியவில்லை. துரைசானியம்மா வந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

"என்ன இது? விரல் எங்கே?"

அம்மா தலை குனிந்து நின்றார். நான் அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்தேன். இனி சபை வேலைகூடப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் முதலாளி பாயின் சின்னப் பையன் குண்டானைப் பிடித்துக்கொண்டு, "டேய், விரலே இல்லாத பேயிடா! தன் வெரலயே கடிச்சுத் துன்னுடுச்சுடா!" என்று அலறினான். எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து மொய்த்தன. முழுக்கையை யாரும் சீந்தவில்லை. ஒற்றைக் கட்டைவிரல் கைக்குத்தான் அடிதடி. துரைசானியம்மா முகம் மலர்ந்துவிட்டது. அம்மா வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார் என்று எண்ணி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதலாளி வீட்டம்மா மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இதுல அந்த மாதிரி ஒண்ணும் இல்லியே?"

"எங்க பாஸ்டரே குடிக்கறதுங்கம்மா" என்றார் அம்மா.

"அப்ப சரி" என்று அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

டேனரி மேனேஜர் குண்டானுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நம்ம சுண்ணாம்புத் தொட்டி ஆளு கைய வெட்டியாந்து போட்டுட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

மறுநாள் எங்கள் வீட்டுக் கொடியில் கையுறைகள் வரிசையாகத் தொங்கின. காற்றில் யாரையோ கூப்பிடுவதுபோல் ஆடின. நான் ஒன்றை எடுத்து பலூனாக ஊதினேன். அம்மா ஓடிவந்து பளாரென்று ஒன்று வைத்தார். எங்கள் அம்மா கை நீட்டுகிறவர் அல்ல. குப்பைக்குப் போகவேண்டிய ரப்பருக்காக என்னை அடித்துவிட்டாரே என்று அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. சாயங்காலம் எனக்கும் ஓர் உருண்டை ஊட்டினார். வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

நைனா அவற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். "வந்துட்டாரு பாரு டாக்டரு" என்று மேஸ்திரி தினமும் சொல்வாராம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். சுண்ணாம்பு ரப்பரையும் தின்றது. ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்தது. அம்மா சைக்கிள் கடையில் டியூப் துண்டும் சொல்யூஷனும் வாங்கி வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒட்டுவார். துரைசானியம்மா வெட்டினதைக்கூட நீளமாக ஒட்டுப்போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினார். ஒட்டிக்கொண்டே தூங்கி விழுவார். கிறிஸ்துமஸுக்குள் எல்லாமே நைந்து, உண்மையிலேயே குப்பைக்குப் போயின. புதிதாக யாரும் தரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் திருவிருந்து. எல்லாரும் எழுந்து முன்னே போனார்கள். நான் வழக்கம்போல் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். நைனா எழுந்திருந்தார். மெதுவாக நடந்து போய், அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்கால்போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தினார். பிறந்த குழந்தையின் கைபோல் இளஞ்சிவப்பாய் மெல்லிய தோல் மூடியிருந்தது. பாஸ்டர் அதன்மேல் அப்பத்தை வைத்தார். அம்மா காய்ச்சிய ரசத்தை நைனா குடித்தார். அம்மாவின் தோள் ஏன் குலுங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.

என் ஜெபம் கேட்கப்பட்டது, நைனாவின் பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அது யாருடைய பாவம் என்று எனக்கு அப்போது தெரியாது.