மாமா அழித்த பாட்டுகள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஹெவி மெட்டலைத் தவிர வேறெதுவும் இசையே இல்லை என்று நம்பினேன். கீழ்பென்னாத்தூரில் அந்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான் இருந்தது. என் போனில் அறுபது பாட்டுகள். எல்லாவற்றிலும் கிட்டார் தலைதெறிக்க ஓடும். அப்பாவிடம் அழுது வாங்கிய கிட்டாரில் அதை வாசிக்க இரண்டு வருடம் போராடினேன். எந்தப் பாட்டிலும் முதல் பத்து நொடியைத் தாண்ட முடியவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய், கிட்டாரைப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டேன். போட்டவர் மாமா, அம்மாவின் தம்பி.

அவர் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அடுத்த வாரம் என் போனில் சார்ஜ் ஏறாமல் போக, அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் என்றவர் பத்து நாள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது என் பாட்டுகள் ஒன்றுகூட இல்லை. கேள்விப்படாத வேறு பாட்டுகள் இருந்தன.

"தெரியாம அழிஞ்சி போச்சிம்மா. காலியா இருக்க வேணாம்னு கடையில இருந்தத ஏத்தி வெச்சேன்."

"ரெண்டு வருஷமா சேத்தது மாமா. வேலை தெரியாம எதுக்குக் கடை வெச்சிருக்கீங்க?"

அம்மா என்னை அதட்டினாள். மாமா கடைக்குக் கிளம்பிப் போனார். அதன்பின் பல நாள் அவரோடு நான் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில், வேறு வழியில்லாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்டேன். முதல் பாட்டு இரண்டே நிமிடம். பாடியவருக்குக் குரலே இல்லை. கிட்டாரில் கை மூன்றே இடத்துக்குத்தான் மாறியது. சிரிப்பு வந்தது. அடுத்ததில் ஒரு பெண் எதையோ எதிர்த்துக் கத்தினாள். அந்தக் கோபம் எனக்கும் பழக்கமானதுதான். இன்னொன்று முணுமுணுப்பாகத் தொடங்கித் திடீரென்று வெடித்தது. பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் என் விரல்கள் மடியிலிருந்த பையின்மேல் இடம் மாறிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு கிட்டாரை இறக்கினேன். இருட்டுவதற்குள் ஒரு பாட்டை முழுசாக வாசித்து முடித்தேன். அது பங்க் ராக் என்ற இசைவகை என்பதோ, அதிலிருந்து கிளைத்தது ஆல்டர்நேட்டிவ் ராக் என்பதோ அப்போது தெரியாது. என் கைக்கும் ஒரு பாட்டு உண்டு என்பது மட்டும் தெரிந்தது.

இப்போது சென்னையில் தோழிகள் இருவரோடு மேடைகளில் வாசிக்கிறேன். போன வருடம் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம், "ஸ்மால் கேர்ள், ஸ்லோ பிங்கர், ஈஸி கிட்டார் சாங்" என்று மாமா கேட்டாராம். அந்த அம்மா தன் இளவயதுப் பாட்டுகளை ஒரு குவியலாகக் கொடுக்க, ஒரு வரியும் புரியாமல் பத்து நாள் எல்லாவற்றையும் கேட்டுப் பொறுக்கியிருக்கிறார். என் பாட்டுகளை அழித்ததும் தெரிந்தேதான்.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"அவன்தான் சொல்லக்கூடாதுன்னுட்டான். பாவம் பாத்துக் குடுத்ததுன்னு தெரிஞ்சா நீ தொட்டிருப்பியா?"

தொட்டிருக்க மாட்டேன். அக்கா மகளிடம் வேலை தெரியாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஒருவர் நிம்மதியாகக் கடைக்குத் திரும்பிப் போக முடியும் என்பது, அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.