பிள்ளைகள் வெளியே நிற்கட்டும்

ஞானேஸ்வரி மிஸ் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஹட்டனில் எங்களோடு தொழில் பார்க்கும் ஒரு சட்டத்தரணி. தொலைபேசியில் அவர் அடுத்துக் கேட்டது, "அப்ப அவங்க ரூம் இனி யாருக்குங்க?" என்பது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். நன்றாக ஏசியிருக்கவேண்டும். மிஸ்ஸாக இருந்தால் கோபித்திருக்கமாட்டார். ஒருவர் கண்ணை மூடியதும் முதலில் எழும்பும் கேள்வி அதுதான் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆசிரியரான கணவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டகலைக்கு வந்தவர். கணவர் இறந்தபிறகும் திரும்பிப் போகாமல் ஹட்டனில் நொத்தாரிசாக இருந்து காணி உறுதிப் பத்திரங்கள் எழுதினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் மகளான நான் சட்டம் படித்துவிட்டு வந்து அவருக்கு அடுத்த அறையில் மேசை போட்டேன். மிகவும் அன்பானவர் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுபவர்கள் அவருடைய அறைக்குள் போனதேயில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு வாய் பொல்லாதது. வயதானவர்களை அழவைக்காமல் அவர் உறுதி எழுதி நான் பார்த்ததில்லை.

வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுத வருகிறவர்களை உள்ளே உட்காரவைத்து, பிள்ளையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். பிறகு கேட்பார்: "நாளைக்கு இந்தப் பிள்ளை உங்களை வெளியிலை போ எண்டால், அண்டைக்கு இரவு எங்கை படுப்பியள்?" என் பிள்ளை அப்படிச் செய்யாது என்ற பதிலை அவர் ஏற்கமாட்டார். கோயிலில் படுப்பேன் என்றால், எந்தக் கோயில், யார் திறந்துவிடுவார் என்று துருவுவார். பிள்ளை இல்லாதவர், அதனால்தான் இப்படி என்று கடைவீதியில் சொன்னார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. "ஓம், அதாலைதான் எனக்குக் கண் தெரியுது," என்றார்.

வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற மருதாயி அம்மா மகன் ஆறுமுகத்தோடு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓய்வுப் பணத்தில் கொட்டகலையில் காணி வாங்கிச் சிறு வீடு கட்டியிருந்தார். அதை மகன் பேருக்கு எழுதவேண்டும். எதற்கு இந்த அவசரம் என்று மிஸ் கேட்டார்.

"நான்தான் வேலைய விட்டு நின்னுட்டேனுங்களே. வேல செய்யறவன் பேர்லதானுங்களே வீடு இருக்கணும்."

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவருக்குத்தான் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வரிசையில் ஓர் அறை. வேலை நின்றதும் அந்த அறைக்கு வீட்டில் வேறொருவர் பேர் கொடுத்தாகவேண்டும். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், சொந்தக் காணிக்கும் அதே சட்டம் என்று நம்பிவிட்டார். எங்கள் சனங்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் கடைசி நாள் வேலைக்குப் போய்வந்த கையோடு வீட்டையும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

"இது லயமில்லை அம்மா," என்றார் மிஸ். "நீங்கள் வாங்கின காணி. வேலைக்குப் போகாட்டிலும் சாகுமட்டும் உங்கடைதான்."

வீட்டை மகனுக்கே எழுதினார். ஆனால் சீவிய உரித்து என்ற ஒரு வரியையும் சேர்த்தார். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை தாய்க்கே என்பது அதன் பொருள். ஆறுமுகத்தின் முகம் சுருங்கியது. "நல்ல பிள்ளைக்கு இந்த வரி உறுத்தாது தம்பி. உறுத்துதெண்டால் கட்டாயம் எழுதத்தான் வேணும்," என்று சொல்லி அனுப்பினார்.

கொஞ்சக் காலத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். அந்த வரி இருந்தால் மேல்மாடி கட்ட பேங்க்கில் லோன் தரமாட்டார்களாம், நீக்கித் தரவேண்டுமாம். மகனை வெளியே நிறுத்திவிட்டு, இது யார் விருப்பம் என்று மிஸ் கேட்டார். "என் விருப்பத்துலதான் குடுக்கிறேங்க," என்று பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார் மருதாயி அம்மா. மிஸ் எழுத மறுத்து இருவரையும் எழுப்பி அனுப்பிவிட்டார். கினிகத்தேனைப் பக்கம் ஒரு நொத்தாரிசு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் அதை எழுதிக்கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மேல்மாடி எழும்பவில்லை. மருதாயி அம்மாவைத்தான் வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார்கள். மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று காரணம் சொன்னார்கள். வட்டவளையில் அண்ணன் மகளின் லயத்துக்குப் போய், வெளித் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தார். மகன் வீட்டைப் பெரிதாக்குகிறான், அதுவரைக்கும்தான் இங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பனிக்குளிரில் இருமல் பிடித்துக்கொண்ட பிறகுதான் எங்களிடம் வந்தார்.

மிஸ் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "அழுகிறதெண்டால் வெளியிலை இருந்து அழுங்கோ. கையெழுத்துப் போடுறதெண்டால் உள்ளை வாங்கோ," என்றார். பெற்றோரைப் பார்க்காத பிள்ளைமீது முதியோர் பராமரிப்புச் சபையில் முறையிட வழி இருக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொன்னார்.

"எம் புள்ள மேல நானே கேஸ் போடவா? ஊரு சிரிக்காதுங்களா மிஸ்?"

"ஊர் இப்பவே சிரிக்குது. உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

மருதாயி அம்மா எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "மெதுவாச் சொன்ன ஆக்கள்தான் பிள்ளை அவவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவை," என்றார்.

அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாமலே மருதாயி அம்மா இறந்தார். ஆறுமுகம் வேன் பிடித்து வந்து உடலைக் கொட்டகலைக்குக் கொண்டுபோனான். உயிரோடு வாசல் தாண்ட விடாத தாயை நடுவீட்டில் கிடத்தி, பந்தல் போட்டு, தப்படித்துத் தடபுடலாகச் செய்தான். நானும் மிஸ்ஸும் போனோம். மிஸ்ஸைக் கண்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவ நல்லபடியா அனுப்பணும் மிஸ்," என்று விம்மினான். மிஸ் கையை உருவிக்கொண்டார்.

"கவலைப்படாதையும் தம்பி. கொம்மா இந்த வீட்டிலை இருக்கப்போறது பின்னேரம் வரைக்குந்தான்."

சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் பேசும் பேச்சா என்று இன்றைக்கும் கொட்டகலையில் அவரைத் திட்டுபவர்கள் உண்டு. ஆறுமுகத்தைத் திட்டியவரை நான் கண்டதில்லை.

அதற்கடுத்த வருடம் என் அப்பா தன் வீட்டை என் பேருக்கு எழுத விரும்பினார். மிஸ்ஸிடம்தான் கூட்டிப்போனேன். பக்கத்து நாற்காலியில் உட்காரப்போன என்னை அவர் பார்த்தார். "பிள்ளை, நீரும் வெளியிலை நில்லும்."

"நானும் சட்டத்தரணிதானே மிஸ்?"

"இப்ப நீர் மகள்."

கதவு சாத்தப்பட்டது. என் கட்சிக்காரர்கள் பார்க்க நடைபாதையில் நின்றேன். உள்ளே அப்பா அழும் சத்தம் கேட்டது. என்ன கேட்டார் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை. உறுதியில் சீவிய உரித்து என்ற அந்த வரி இருந்தது. ஒரு மாதம் நான் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அப்பாவுக்கு நினைவு தப்புகிறது. படுக்கையை நனைக்கிறார். சாப்பிட்டு எழுந்தவுடன், சோறு போடவில்லை என்று அயலவரிடம் முறையிடுகிறார். நீதிமன்றத்திலிருந்து களைத்து வரும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. மிஸ்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையில்கூட, "எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவேன்," என்று கத்தினேன். கத்தும்போதே, என்னால் முடியாது, உயிருள்ளவரை இது அப்பாவின் வீடு என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வரி இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியாமலே இருக்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார் ஞானேஸ்வரி மிஸ். அவர் விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பது அதுதான்.