சாயங்காலம் போட்டுக்கொண்டேனா

என் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போனதால், நாற்பது வயதில் வைத்தது. அதில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு மாத்திரை. மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் எண் வந்தால் சௌக்கியம். அதற்கு மேலே போனால் எங்காவது ரத்தம் கசியும். கீழே போனால் உறைந்த கட்டி நேரே மூளைக்குப் போகலாம். பக்கவாதம், இல்லாவிட்டால் அதைவிட மோசம்.

பல வருஷம் சமர்த்தாக இருந்த எண் போன வருஷம் இறங்கியது. அடையாறில் நான் பார்க்கும் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அசையவில்லை. இன்னும் கூட்டினார். இரண்டைத் தொடுவேனா என்று அடம் பிடித்தது.

"சில நாள் மாத்திரையை மறந்துடுறீங்களாம்மா?" என்றார் டாக்டர். என் பெண் வயதுதான் அவருக்கு. "போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, இன்னொண்ணு போட்டுடாதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

மறக்கிறதா, நானா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேருடைய பழைய நம்பர்கள் இன்னும் என் வாயில் இருக்கின்றன, அந்த லைன்கள்தான் இல்லை. சுள்ளென்று கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு கோபம் வடிந்து பயம் வந்தது. கடைசிக் காலத்தில் என் அம்மா, குடித்து முடித்த காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்கு இன்னும் யாரும் காப்பி குடுக்கலை" என்பாள். குடுத்தாச்சு என்று சொன்னால் அப்படி ஒரு கோபம் வரும். மறதி என்று பெயர் வைப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அந்தக் கோபம் வந்துவிட்டது. இப்போது எனக்கு வந்திருப்பதும் அதே கோபம்தானோ?

மறுநாள் கணவர் தி. நகர் போய், ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

"இதெல்லாம் கிழங்களுக்கு. எனக்கு எதுக்கு?" என்று சொல்லி, அதில் ரவிக்கைக் கொக்கிகளையும் ஊக்குகளையும் போட்டு வைத்துவிட்டேன்.

பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கீரைதான் காரணம் என்றாள் எதிர் வீட்டுக்காரி. கீரையை அடியோடு நிறுத்தினேன். "இன்னாமா, முருங்கை கீது, எடுத்துக்கலையா?" என்று வண்டிக்காரம்மா கேட்டால், குற்றவாளி மாதிரி உள்ளே போய்விடுவேன். டாக்டரோ, "கீரையை ஏன் நிறுத்தினீங்க? எப்பவும் போல ஒரே அளவு சாப்பிடுங்க" என்றார். மாதுளை சாப்பிடு, ரத்தம் ஊறும் என்றார் மச்சினர். ஊறுகிற ரத்தம் எது, நீர்க்கிற ரத்தம் எது, எனக்கு எது வேண்டும் என்பதே குழம்பிப் போயிற்று. எண் மட்டும் ஏறவே இல்லை.

அடுத்த தடவை டாக்டர் வழக்கம்போல, "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். வழக்கம்போல இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி, மருந்தை விடுங்க. காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது, சொல்லுங்க."

என் ஞாபகசக்திக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தேன். "எழுந்ததும் வெந்நீர். அப்புறம் காப்பி, காப்பியோட பொண்ணு குடுத்த சத்து மாத்திரை, ஒன்பது மணிக்கு ரெண்டு இட்லி..."

"இருங்க. என்ன சத்து மாத்திரை?"

"அது மருந்து இல்லை டாக்டர். சிட்னிலேர்ந்து பொண்ணு போன தடவை வந்தப்போ கொண்டு வந்தது. எலும்புக்கு."

எங்கள் வீட்டில் மருந்தெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல் கூடையில் இருக்கும். பெண் தந்த டப்பா சமையலறையில் காப்பிப்பொடிக்குப் பக்கத்தில். மருந்து என்று யார் கேட்டாலும் என் கண்ணில் தெரிவது கூடைதான். டாக்டர் அறையிலிருந்தே பெண்ணுக்குப் போன் போட்டோம். அவள் தன்னிடம் இருந்த அதே மாதிரி டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினாள். டாக்டர் இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். வைட்டமின் டி என்று கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே சின்னதாக கே.

"இந்த கே-தான் உங்க மாத்திரைக்கு எதிர்ப்பக்கம் நின்னு இழுக்குது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. நான் மறக்கவில்லை! டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாத்திரை இப்போதைக்கு அதே அளவு, பெண் தந்த காப்ஸ்யூலை நிறுத்த வேண்டும், ஆனால் நாலு நாளில் கட்டாயம் பரிசோதனை, காப்ஸ்யூல் போனதும் எண் விறுவிறுவென்று ஏறிவிடும், அப்போது அளவைக் குறைக்காவிட்டால் ரத்தம் கசியும். நிறுத்தாவிட்டால் ஓர் ஆபத்து, நிறுத்தினால் இன்னொன்று. தலை சுற்றியது. இருந்தாலும் திரும்பி வரும் ஆட்டோவில், மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்த அவ்வளவு தூரமும் நான்தான் பேசினேன். "மறந்துட்டேன்னு நீங்களும்தானே நினைச்சேள்?" என்று மூன்று தடவையாவது கேட்டிருப்பேன்.

சாயங்காலம் விளக்கேற்றினேன். பெண் கூப்பிட்டாள். தன்னால்தானே என்று அழுதாள். சமாதானப்படுத்தவே வெகுநேரம் ஆயிற்று. போனை வைத்ததும் கணவர் கூடத்திலிருந்து கேட்டார். சந்தேகத்தில் இல்லை, பழக்கத்தில்.

"மாத்திரை போட்டுண்டியோ?"

ஆச்சு என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கேற்றியது நினைவிருந்தது. மாத்திரை நாக்கில் கசந்ததும் நினைவிருந்தது. ஆனால் அது இன்றைய கசப்பா, நேற்றையதா? டம்ளர் ஈரமாக இருந்தது. அட்டையில் நேற்று எத்தனை மிச்சம் இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

அம்மா கடைசிவரை தெரியவில்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குடிக்கவில்லை என்று அடித்துத்தான் சொல்வாள்.

"தெரியலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் ஆட்டோவில் பேசியதற்குப் பதிலுக்குப் பதில் கேட்கவுமில்லை. டாக்டருக்குப் போன் போட எழுந்தார். நான் பெட்டியைத் தேடி எடுத்து, கொக்கிகளையும் ஊக்குகளையும் மேஜைமேல் கொட்டிவிட்டு, அவரிடம் நீட்டினேன்.

"நாளைலேர்ந்து நீங்களே போட்டு வைங்கோ."

வாங்கி, ஒவ்வோர் அறையாகத் திறந்து, உள்ளே ஊதினார்.