முசியேவின் லோரியே மரம்

நர்சரி நடத்துகிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: செடி தழைத்தால் வாங்கினவருடைய கைராசி, பட்டுப்போனால் நாம் ஏமாற்றிவிட்டோம். ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டாரிடம் “கொஞ்சம் தண்ணி ஊத்துறேன்” என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது புரியும். புதுச்சேரியில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் கோடைக்கு அங்கே கிளம்பும்போது, வீட்டுத் தொட்டிகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கதிர்காமத்தில் நான் கடை போட்ட புதிதில், அப்படி வந்து சேர்ந்த ஒரு மரம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

பிரியாணிக்குப் போடுறதா?

மரத்துக்காரரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன், ஆட்டோவில், மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். “லோரியே” என்றார். இலையைப் பார்த்துவிட்டு, “பிரிஞ்சி இலை தானே, பிரியாணிக்குப் போடுவோமே” என்றேன். மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. அது வேற மரம், இது வேற மரம் என்று ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். அடேயப்பா, என்ன வாசனை. அங்கேயே விழுந்துட்டேன்.

ஊட்டிப் பக்கம் வாங்கினதாம். குளிர் தேசத்து மரம், நம்ம ஊர் கத்திரி வெயிலுக்கு ஆகாது. முன்னால் வாங்கினதெல்லாம் கோடையிலேயே கருகிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு வைக்கிற ரகூ என்ற பிரெஞ்சுக் கறிக் குழம்பில் சொந்த மரத்து இலையைப் போட வேண்டும் என்பது அவர் சம்சாரத்தின், அதாவது மதாமின், பல வருஷத்து ஆசை. எனக்குப் பயம் ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம். எப்படியும் பிழைக்கவைப்பேன் என்று சொல்லிவிட்டேன். முசியே ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னார்: “இதுவும் போச்சுன்னா மதாம் மட்டுந்தான் ஊர் திரும்புவா கலா, நான் பொண்ணு வீட்லயே இருந்துடுவேன்.”

அஞ்சலையக்காவின் இரக்கம்

காலை வெயில் போதும், மத்தியானம் நிழல், மேல் மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று முசியே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்படியும் இலை மஞ்சளித்து உதிர ஆரம்பித்தது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் சேறு. 

என்னோடு வேலை பார்த்த அஞ்சலையக்கா பாகூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிற குடும்பம். வெயிலில் ஒரு செடி நிற்பதைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. போகும்போது ஒரு சொம்பு, வரும்போது ஒரு சொம்பு. இந்த மரத்தைத் தொடாதீங்க என்று கத்திவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் உரமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அக்கா தேடிக் கண்டுபிடித்து அங்கேயும் ஊற்றிவிட்டார். நான் முறைத்ததற்கு அவருக்குத்தான் கோபம் வந்தது: “வாயில்லாத ஜீவனைத் தாகத்துல போட்டுட்டு எப்பிடித்தான் உனக்குச் சோறு எறங்குதோ.”

மீன் கழுவின தண்ணி

வைத்திக்குப்பத்தில் இருந்து மீன் கொண்டுவரும் செல்வியக்காவுக்கு என் மேல் தனிப் பிரியம். மரம் வாடி நிற்பதைப் பார்த்தவர், எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, மீன் வைத்திருந்த அன்னக்கூடையைக் கழுவின தண்ணீரை அப்படியே தொட்டியில் சாய்த்துவிட்டார். அவர் வீட்டுக் கருவேப்பிலை அதைக் குடித்துத்தான் கூரையைத் தொட்டதாம்.

மத்தியானத்துக்குள் தெருப் பூனையெல்லாம் எங்கள் கடையில். மண்ணைப் பறித்து, வேரை வெளியே போட்டு, ஒரு கிளையையும் ஒடித்துவிட்டன. அழுகையே வந்துவிட்டது எனக்கு. அழுகின வேரை நறுக்கி, பாதிக்குப் பாதி மணல் கலந்து வேறு தொட்டிக்கு மாற்றி, வெயிலை மறைக்கிற பச்சை வலைக்குக் கீழே வைத்தேன். மறுநாள் செல்வியக்கா வந்து, மொட்டையாக நின்ற மரத்தை மேலும் கீழும் பார்த்தார்: “சங்கரா மீன் தண்ணியே ஒத்துக்கலன்னா, இது என்னாத்தக் குடிச்சி வளருமாம்?”

பாரிசில் இருந்து போன்

பிறகு முசியே ஞாயிறுதோறும் போன் பண்ணினார். நலமா, மழையா என்று ஒன்றும் கிடையாது, “இருக்குதா?” ஒன்றுதான். “இருக்குது முசியே” என்பேன். அது பொய்யில்லை, ஆனால் குச்சியாக இருந்தது.

ஆவணி மாத மழை ரெண்டு பெய்தது. ஒரு காலை வலையைத் தூக்கினேன், கிளை நுனியில் செக்கச்செவேலென்று ஒரு துளிர். கண்ணை நம்ப முடியவில்லை. குனிந்து பார்க்கிறேன், கீழேயும் ரெண்டு. கையில் இருந்த டீ கொட்டினதுகூடத் தெரியாமல் அஞ்சலையக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அந்த ஞாயிறு அவர் கேட்கும் முன்னாலேயே, “துளிர் விட்டுடுச்சி முசியே” என்று கத்தினேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம், அப்புறம் குரல்: “மெல்ல பேசு கலா, பயந்துக்கப் போவுது.”

மதாமின் பரிசு

கார்த்திகையில் இருவரும் நேரே கடைக்கே வந்துவிட்டார்கள். மரம் புது இலையோடு தளதளவென்று நின்றது. மதாம் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், என் கன்னம் ரெண்டிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார்.  முசியே மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் மதாம் கைப்பையைத் திறந்து, கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே காய்ந்த லோரியே இலை, வாய்வரைக்கும். முசியே அதை இப்போதுதான் பார்க்கிறார் என்று முகமே சொன்னது. மதாம் அவர் பக்கம் திரும்பவேயில்லை: “இவரு பேச்ச நம்பி ரகூ வைக்க முடியுமா சொல்லு, அதான் பாரிசுல கெளம்புற அன்னிக்கே வாங்கிட்டேன்.”

எங்கள் தொழிலில் எல்லோரும் நம்மை நம்பித்தான் செடியை விட்டுப்போகிறார்கள், ஆனால் நம்பினோமா இல்லையா என்பதைத் திரும்பி வந்து செடியைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள்.