கரப்பான் வந்த குட்டிகள்

குழந்தைகள் டாக்டரிடம் நர்ஸ் வேலை என்றால், ஊசி போடுவதைவிட வாய் பேசுவதுதான் அதிகம். எங்கள் கிளினிக் வீரபாண்டியில். கரப்பான் என்று நாம் சொல்கிற எக்ஸிமாவோடு நிறையப் பிள்ளைகள் வருவார்கள். சொறிகிற கையைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போன பெற்றோர்களே, இதெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

முட்டை

பனியன் கம்பெனி டெய்லர் கவிதா, மூன்று வயது மகனைத் தூக்கி வந்தார். முழங்கை மடிப்பெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. ஆளும் குச்சிபோல் இருந்தான். கரப்பானைக் கிளப்பும் பண்டம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் முட்டை, மீன், கத்திரிக்காய், கடலை எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். எதையாவது சாப்பிட்டதும் உடம்பு தடித்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லையாம். "அப்ப எதையும் நிறுத்த வேண்டாம். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள உடம்பு பூரா இந்த க்ரீம். செவந்த இடத்துக்கு மட்டும், நான் சொல்ற வரைக்கும் இந்த மருந்து" என்றார்.

அடுத்த முறை வந்தபோது பையனின் கை ஆறியிருந்தது, கன்னமும் உப்பியிருந்தது. கவிதாவுக்குச் சந்தோஷம், கூடவே கோபம்.

"ஏனுங்க சிஸ்டர், அப்ப எம்பையன் இத்தன நாளா முட்டைக்கு அழுததெல்லாம் சும்மாங்களா?"

பளபள கவுன்

குழந்தைத் துணி எக்ஸ்போர்ட் செய்கிறவர் ஒருவர், மகளின் பிறந்தநாள் விழாவிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடிவந்தார். வலைத்துணி கவுன், உள்ளே ஜிகினா. கழுத்திலும் முதுகிலும் சொறிந்த கோடுகள். கவுனைக் கழற்றி, க்ரீம் தடவி, கிளினிக்கில் இருந்த பருத்தி பனியனைத் தையல் உறுத்தாதபடி திருப்பிப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பா தோளிலேயே தூங்கிப்போனாள். அவர் அந்தப் பனியனைத் தடவிப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் காட்டன்ல தெச்சு அனுப்பறனுங்க. எம்புள்ளைக்கு மட்டும் கடைக்குப் போயி அந்த ஜிகினா கவுனை வாங்கிட்டு வந்திருக்கறேன் பாருங்க!"

ஒட்டுமா?

ஐந்து வயது நஸ்ரினோடு, "ஒட்டிக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மா தன் மகளை விளையாட விடவில்லை. நஸ்ரினின் அம்மா கிளினிக்கில் சொல்லி அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் நஸ்ரின் வீட்டில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தார். அவர் பார்க்க நஸ்ரினை மடியில் வைத்து, வெறுங்கையால் கை கால் முழுக்க க்ரீம் தடவினேன்.

"இது ஒட்டற நோவு இல்லீங்கக்கா. தெனமும் தொடறேன், எனக்கு வந்துச்சுங்களா?"

அந்த அம்மாவின் மகள் ஓடிவந்து விரலை நீட்டியபோது அவர் தடுக்கவில்லை. நஸ்ரின் பெருமையாகக் கையைக் காட்டினாள்.

"தொட்டுக்கோ. நோவு ஒட்டாது, க்ரீம் மட்டும்தான் ஒட்டும்."

பிள்ளைகளின் அரிப்பை அடக்க க்ரீம் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் துடிக்கிற சொந்தக்காரர்களின் அரிப்புக்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை.